தீவில் சிக்கிய சிறுவர்கள்: மனிதன் நல்லவனா கெட்டவனா என்று நாவலிடம் கேட்கலாமா?

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் பாதி உலகம் வீட்டுக்குள் கிடந்தபோது, பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழில் வந்த ஒரு கட்டுரை வேகமாகப் பரவியது. எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ருட்கர் பிரெக்மன். பசிபிக் கடலில் ஆளில்லாத தீவொன்றில் மாட்டிக்கொண்ட ஆறு பள்ளி மாணவர்கள், ஒரு வருடத்துக்கும் மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உயிரோடு திரும்பிய கதை அது. ஆங்கில எழுத்தாளர் வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்' நாவலில் தீவில் சிக்கும் சிறுவர்கள் கொலை வரைக்கும் போகிறார்கள். நிஜத்தில் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் அப்படிச் செய்யவில்லையே என்பது பிரெக்மனின் வாதம்.

அன்றிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. மனிதனைப் பற்றிக் கோல்டிங் அவதூறு எழுதிவிட்டார் என்கிறது ஒரு கட்சி. ஆறு பையன்களை வைத்துக்கொண்டு மனித இனத்துக்கே நற்சான்றிதழ் கொடுப்பதா என்கிறது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு பிழை இருக்கிறது. நாவலை அவர்கள் பரிசோதனை அறிக்கையாகப் படிக்கிறார்கள். நாவலில் நடப்பதையெல்லாம் நடக்கவைப்பவர் ஆசிரியர். அதனால் "மனிதன் எப்படிப்பட்டவன்" என்று அதனிடம் கேட்டால், ஆசிரியர் என்ன நம்பினார் என்பதுதான் பதிலாக வரும். ஆனால் "எந்தச் சூழ்நிலையில், யாரோடு சேர்ந்திருக்கும்போது, எதற்குப் பயந்து மனிதன் இப்படி மாறுகிறான்" என்று கேட்டால் நல்ல இலக்கியம் வாரி வழங்கும். கோல்டிங்கும் அப்படித்தான், கம்பனும் அப்படித்தான்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

"மனித இயல்பு நல்லதா கெட்டதா" என்ற ஒரே வரிக்குள் மூன்று தனித்தனி வாதங்கள் ஒளிந்திருக்கின்றன.

1. பிறவி வாதம்: பிறக்கும்போதே மனதில் நன்மையோ தீமையோ இருக்கிறது, வளர்ப்பெல்லாம் மேல்பூச்சு. கிறிஸ்தவத்தின் ஆதிபாவக் கொள்கை இதன் ஒரு வடிவம்.

2. மூடி வாதம்: சட்டம், போலீஸ், பெரியவர்கள், ஊர்ப்பேச்சு எல்லாம் ஒரு மூடி. அதை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும். வெளியே வருவது யுத்தம் என்றார் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் (1651). ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு தத்துவவாதியான ரூசோ (1755) இதைத் தலைகீழாகத் திருப்பினார்: மூடிதான் கெடுக்கிறது, இயற்கை நிலையில் மனிதன் சாது.

3. பெரும்பான்மை வாதம்: விதிவிலக்குகளை விடுங்கள், பெரும்பாலானவர்கள் பெரும்பாலான நேரம் எப்படி நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றுக்கும் வேண்டிய சாட்சியம் வேறு வேறு. முதலாவதற்குக் கைக்குழந்தைகளைப் பார்க்க வேண்டும், மூன்றாவதற்கு ஏராளமான மனிதர்களை. தீவுக் கதைகள் தொடுவதெல்லாம் இரண்டாவதை மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பத்து வயதுப் பையனைத் தீவில் இறக்கினால் அவனோடு பத்து வருட வளர்ப்பும் சேர்ந்தே இறங்குகிறது. முழுக்க மூடி எடுத்த மனிதனை எந்தத் தீவிலும் பார்க்க முடியாது.

கோல்டிங் யாருக்குப் பதில் எழுதினார்

இந்த நாவல் ஒரு மறுப்புரை. அது தெரியாமல் படித்தால் பாதி போய்விடும்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆர்.எம். பாலன்டைன் 1857-ல் 'த கோரல் ஐலண்ட்' என்ற சிறுவர் நாவலை வெளியிட்டார். கப்பல் உடைந்து பவளத்தீவில் ஒதுங்கும் மூன்று ஆங்கிலப் பையன்கள்: ரால்ஃப், ஜாக், பீட்டர்கின். மூவரும் சமர்த்து, ஒற்றுமையாக இருக்கிறார்கள், பன்றி வேட்டையாடுகிறார்கள், துணிச்சலும் நகைச்சுவையும் குறையாமல் நாளைக் கழிக்கிறார்கள். தீமை என்று ஒன்று வந்தால் அது வெளியிலிருந்துதான் வரும். கடற்கொள்ளையர்கள் வருவார்கள், மனிதமாமிசம் தின்னும் தீவுவாசிகள் வருவார்கள். அந்தத் தீவுவாசிகளுக்கும் மதமாற்றத்துக்குப் பிறகுதான் நல்லபுத்தி வரும். பிரிட்டிஷ் பேரரசின் காலத்தில், ஆளப்போகும் பையன்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. நன்மை நம் வீட்டுச் சொத்து, தீமை அடுத்தவன் தோல்நிறம் என்ற கணக்கு அதில் கூச்சமில்லாமல் கிடக்கிறது.

கோல்டிங் 1911-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தார். 1941-ல் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலைத் துரத்தியதிலும், 1944-ல் நார்மண்டித் தரையிறக்கத்திலும் அவர் பங்கு உண்டு. போருக்கு முன்பு, சமூகத்தைச் சரியாக அமைத்தால் மனிதனும் சரியாகிவிடுவான் என்று நம்பியவர். போருக்குப் பிறகு அந்த நம்பிக்கை அவரிடம் இல்லை. தேனீ தேன் சுரப்பதுபோல மனிதன் தீமையைச் சுரக்கிறான் என்று பின்னாளில் எழுதினார். போர் முடிந்ததும் சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் திரும்பினார். பையன்கள் நிஜத்தில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தினமும் பார்க்கிறவருக்கு, பாலன்டைனின் சமர்த்துப் பையன்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் நாவல் 1954-ல் வந்தது. அதற்கு முன் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. தன் தீவிலும் ரால்ஃப், ஜாக் என்ற பெயர்களையே வைத்தார். கடைசியில் சிறுவர்களை மீட்க வரும் கடற்படை அதிகாரி, நடந்தது எதுவும் புரியாமல், 'கோரல் ஐலண்ட்' மாதிரி ஜாலியாக இருந்திருப்பீர்கள் என்ற தொனியில் பேசுவார். புத்தகத்தின் கசப்பெல்லாம் அந்த இடத்தில்தான் திரண்டு நிற்கிறது. அந்த அதிகாரி வந்த கப்பலும் மனிதவேட்டைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே உலகப்போர் நடக்கிறது.

ஆகவே கோல்டிங் மறுத்தது, 'தீமை நம்மிடம் கிடையாது, அது காட்டுமிராண்டிகளிடம் இருப்பது' என்ற நினைப்பை. ஜெர்மானியர்கள் செய்ததை நாங்கள் செய்யமாட்டோம் என்று 1945-க்குப் பிறகு இங்கிலாந்தில் நிம்மதியாக இருந்தவர்களிடம், உங்கள் தேவாலயப் பாடகர்குழுப் பையன்களே செய்வார்கள் என்றார். இந்த அளவில் பார்த்தால் அவர் வாதம் நியாயமானது, துணிச்சலானதும்கூட. அதற்கு மேல் போய் மனித இனம் முழுவதற்கும் பொதுத்தீர்ப்பாக அதை நீட்டும்போதுதான் (அவரே பலமுறை நீட்டியிருக்கிறார்) தடுமாறுகிறது.

அந்தத் தீவுக்குள் ஆசிரியர் வைத்துவிட்டுப்போன பொருள்கள்

கதைத் தீவு ஒருபோதும் காலியான தீவு அல்ல. கோல்டிங் தன் தீவில் வைத்தவற்றைப் பட்டியல் போட்டால், விளைவு எவ்வளவு தூரம் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

1. கூட்டம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஏராளமான பையன்கள். எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது. சின்னவர்களின் பெயரைக்கூட யாரும் முழுதாகக் குறித்துக்கொள்வதில்லை.

2. அந்நியம். பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாதவர்கள். விதிவிலக்கு, ஜாக்கின் பாடகர்குழு. அது சீருடையோடும் தலைவனோடும் அணிவகுத்தே கதைக்குள் நுழைகிறது. ஊர் உருவாகும் முன்பே அங்கே ஒரு படை தயாராகிவிட்டது.

3. பயம். மலையுச்சியில் 'மிருகம்' என்று அவர்கள் அஞ்சுவது, வானச்சண்டையில் செத்து பாராசூட்டோடு விழுந்த ஒரு வீரனின் பிணம். பயத்தின் மூலமே பெரியவர்கள் அனுப்பிவைத்ததுதான்.

4. இறைச்சி. பன்றி வேட்டை ஜாக்கின் கையில் இருக்கிறது. சோறு போடுகிறவன் பின்னால் கூட்டம் போகும் என்பதைக் கோல்டிங் நன்றாகக் கவனித்திருக்கிறார்.

இன்னொன்றையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கதையில் முதல் சாவு வன்மத்தால் வருவதில்லை. முகத்தில் மச்சமுள்ள ஒரு சின்னப் பையன், எல்லோரும் உற்சாகமாக மூட்டிய தீ காட்டில் பரவும்போது காணாமல் போகிறான். அப்போது தலைவன் நல்லவனான ரால்ஃப். யாரும் கொல்ல நினைக்கவில்லை. யாரும் எண்ணிப் பார்க்கவுமில்லை. 'தீமை' என்றாலே கொடிய எண்ணம் என்று வைத்துக்கொண்டால் இந்தச் சாவு எந்தக் கணக்கிலும் வராது. எனக்கு நாவலிலேயே மிகவும் உண்மையாகப் படுவது இந்தப் பகுதிதான். சைமன் என்ற சாதுவான பையனை எல்லோரும் சேர்ந்து அடித்துக் கொல்லும் இரவை விடவும்.

அப்புறம் ரோஜர். பின்னால் பாறையை உருட்டிப் பிக்கி என்ற பையனைக் கொல்லப்போகிறவன் இவன். தொடக்கத்தில் கடற்கரையில் விளையாடும் ஒரு பொடியனைப் பார்த்துக் கல்லெறிகிறான். ஆனால் அவன் மேல் படாமல் சுற்றிலும் விழும்படி எறிகிறான். பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூடி வாதத்துக்கு இதைவிடச் சிறந்த காட்சி கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தப் பெரியவர்களின் உலகமே இப்போது ஒன்றையொன்று எரித்துக்கொண்டிருக்கிறது. மூடி என்று நாம் நம்பியதும் அதே உலோகத்தில் செய்ததுதானா என்ற கேள்வியையும் கோல்டிங் அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்.

அட்டா தீவில் நடந்தது

நிஜக் கதைக்கு வருவோம். டோங்கா நாட்டின் தலைநகர் நுக்குஅலோஃபாவில் ஒரு விடுதிப் பள்ளி. 1965 ஜூன் மாதம், பள்ளி அலுத்துப்போன ஆறு மாணவர்கள் ஒரு மீனவரின் படகைத் திருடிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். இரவில் புயல். பாயும் சுக்கானும் போயின. எட்டு நாள் மிதந்து, டோங்கா தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள அட்டா என்ற செங்குத்தான பாறைத் தீவில் ஒதுங்கினார்கள். 1966 செப்டம்பர் 11 அன்று, அந்தப் பக்கம் வந்த ஆஸ்திரேலியப் படகோட்டி பீட்டர் வார்னர் அவர்களைக் கண்டுபிடித்தார். அதற்குள் ஊரில் அவர்களுக்கு இறுதிச் சடங்கே முடிந்திருந்தது.

பதினைந்து மாதம் எப்படிக் கழிந்தது? இரண்டிரண்டு பேராக வேலை பிரித்துக்கொண்டார்கள்: தோட்டம், சமையல், காவல். மரத்தண்டைக் குடைந்து மழைநீர் பிடித்தார்கள். ஒருமுறை மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால் சம்பந்தப்பட்ட இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய் ஆறிவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. காலையிலும் மாலையிலும் பாட்டு, ஜெபம். ஒருவன் பாறையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது மற்றவர்கள் குச்சி வைத்துக் கட்டிவிட்டு, அவன் வேலையையும் பங்கிட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்தபின் பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடியிருப்பதைக் கண்டு வியந்தாராம்.

நெகிழவைக்கும் கதைதான். ஆனால் இது கோல்டிங்கை மறுக்கிறதா? இரண்டு தீவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1. அங்கே பெருங்கூட்டம், இங்கே ஆறு பேர்.

2. அங்கே பெரும்பாலும் அந்நியர்கள். இங்கே சேர்ந்து திருட்டுத்தனம் செய்யும் அளவுக்கு நெருங்கிய நண்பர்கள்.

3. அங்கே ஆறு வயதுப் பொடியன்கள் பாரம். இங்கே எல்லோரும் பதின்வயதைத் தொட்டவர்கள், கடலும் தோட்டவேலையும் தெரிந்தவர்கள்.

4. அங்கே மலைமேல் 'மிருகம்'. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

ஆகவே அட்டா ஒரே ஒரு விஷயத்தைத்தான் உடைக்கிறது: மூடியை எடுத்தால் உள்ளிருந்து எப்போதும் வன்முறைதான் வரும் என்பதை. 'எப்போதும்' என்ற சொல் போய்விட்டது, அவ்வளவே. எப்போதும் அன்புதான் வரும் என்று அது நிறுவவில்லை. பிரெக்மன் கட்டுரையைப் பகிர்ந்தவர்களில் பலர் இந்த இரண்டாவது முடிவுக்குத் தாவினார்கள்.

கட்டுரையை ரசித்தவர்கள் அதிகம் பேசாத இன்னொரு பக்கமும் அட்டாவுக்கு உண்டு. அது எப்போதும் ஆளில்லாத தீவாக இருந்ததில்லை. 1863-ல் 'கிரேசியன்' என்ற கப்பல் அங்கே வந்தது. வியாபாரம் என்று சொல்லித் தீவு மக்களைக் கப்பலுக்குள் வரவழைத்து, அடைத்துக்கொண்டு போய்விட்டது. பெரு நாட்டுக்கு அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் தொழில் அது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். மிஞ்சியவர்களை டோங்கா மன்னர் வேறு தீவில் குடியேற்றினார். நூறு வருடம் கழித்து அந்த ஆறு பையன்கள் உயிர்பிழைத்தது எதைத் தின்று? கடத்தப்பட்டவர்களின் பழைய ஊர் இருந்த இடத்தில் தானாக வளர்ந்துகிடந்த சேம்பு, வாழை, அவர்கள் விட்டுப்போன கோழிகளின் வம்சம். மனிதன் நல்லவன் என்பதற்குச் சாட்சியாக நிறுத்தப்படும் அதே தீவுதான், ஒரு ஊரையே ஏமாற்றிப் பிடித்துப்போன இடமும். 1863-க்கும் 1965-க்கும் நடுவில் மனித இயல்பு மாறியிருக்காது. வந்து இறங்கியவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது வேறாக இருந்தது.

இரண்டு கோடைமுகாம்கள்

கோல்டிங் நாவல் வந்த அதே 1954-ல், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் பூங்காவில் ஒரு கோடைமுகாம் நடந்தது. முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர், முன்பின் அறிமுகமில்லாத 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தார். முதலில் ஒரு அணி இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிறகு போட்டிகள்; வென்றவர்களுக்குப் பேனாக்கத்தி, தோற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சில நாளில் கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிலில் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். பின்னர் முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றது (ஆய்வாளர்களின் ஏற்பாடுதான்). இரண்டு அணியும் சேர்ந்தால்தான் சரிசெய்ய முடியும் என்றானதும் பகை தளர்ந்தது. உளவியல் பாடப்புத்தகங்களில் இன்றும் வரும் ஆய்வு இது.

முந்தைய வருடம் நடந்தது பாடப்புத்தகத்தில் வருவதில்லை. 1953-ல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதேபோல ஒரு முகாம் நடத்தி, அது தோற்றுப்போனது. காரணம்: அந்த முறை பையன்களை முதலில் கலந்து பழகவிட்டுவிட்டு, நண்பர்களான பின் பிரித்தார்கள். முகாம் ஊழியர்களாக நடித்த ஆய்வாளர்கள் ரகசியமாகக் கூடாரத்தைச் சாய்த்து, பழியை எதிரணி மேல் விழவைக்கப் பார்த்தார்கள். பையன்கள் சேர்ந்து பேசி, இது பெரியவர்கள் வேலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆய்வு பாதியில் நின்றது.

அட்டாவின் ஆறு நண்பர்களையும் கோல்டிங்கின் அந்நியர் கூட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்தால் கோடு தெளிவாகத் தெரிகிறது. வகுப்பும் வளர்ப்பும் வயதும் ஒரே மாதிரியான பையன்கள்தான். பிரிப்பதற்கு முன் பழகியிருந்தார்களா என்பதில் விளைவு மாறியது.

அகஸ்டினின் பேரிக்காய், வள்ளுவரின் இனம்

ஆதிபாவக் கொள்கைக்கு உருவம் கொடுத்தவர் என்று கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினைச் சொல்வார்கள். நான்காம் நூற்றாண்டின் முடிவில் எழுதத் தொடங்கிய தன் 'வாக்குமூலங்க'ளில், பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதைப் பக்கம் பக்கமாக அலசுகிறார். பசிக்காகத் திருடவில்லை, பறித்ததைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தீமையைத் தீமைக்காகவே விரும்பினேன் என்கிறார். பிறவி வாதக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதே இடத்தில், தனியாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன் என்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிறவியிலேயே உள்ள தீமை என்றால் தனியாக இருக்கும்போது ஏன் வரவில்லை? நேர்மையான எழுத்தாளர் என்பதால் தன் கொள்கைக்கு இடிக்கும் விவரத்தையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

அகஸ்டின் தடுக்கிய கல் வள்ளுவருக்கு நேரான பாதை. சிற்றினம் சேராமை அதிகாரத்தில்:

நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு (452)

சேரும் நிலத்துக்கு ஏற்ப நீர் மாறுவதுபோல, சேரும் கூட்டத்துக்கு ஏற்ப மனிதனின் அறிவும் மாறும். இதைவிடவும் கூர்மையானது இரண்டு குறள் தள்ளி வருவது:

மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு
இனத்துள தாகும் அறிவு (454)

ஒருவனுடைய அறிவு அவன் மனதில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அவன் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் இருக்கிறது. பிறவி வாதத்தின் மீதே வைக்கப்பட்ட கேள்வி இது. அதற்காக வள்ளுவரை முழுக்கச் சூழல் கட்சியில் சேர்த்துவிடவும் முடியாது. "மக்களே போல்வர் கயவர்" (1071) என்று கயமைக்குத் தனி அதிகாரமே வைத்தவர் அவர்.

நீரை வைத்தே சீனாவிலும் ஒரு சண்டை நடந்தது, பொ.ஆ.மு. நான்காம் நூற்றாண்டில். கிழக்கே வெட்டிவிட்டால் கிழக்கே ஓடும், மேற்கே வெட்டிவிட்டால் மேற்கே ஓடும். மனித இயல்பும் அப்படித்தான் என்றார் காவோசி என்ற சிந்தனையாளர். கிழக்கு மேற்கு பேதம் இல்லாமல் இருக்கலாம், மேடு பள்ளம் பேதம் உண்டே, நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல மனம் நன்மையை நோக்கி ஓடும் என்று மடக்கினார் தத்துவஞானி மென்சியஸ். கிணற்றில் விழப்போகும் குழந்தையைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு பதறும் என்பது அவருடைய புகழ்பெற்ற சான்று. அடுத்த நூற்றாண்டில் சுன்சி என்ற இன்னொரு தத்துவஞானி வந்து, இயல்பு கெட்டதுதான், கோணல் மரத்தை ஆவியில் வேகவைத்து நிமிர்த்துவதுபோல மனிதனையும் நிமிர்த்த வேண்டும் என்றார். எதிரெதிர் துருவங்கள். ஆனால் நடைமுறைக்கு இருவரும் சொன்னது ஒன்றே: கல்வி, சடங்கு, நல்ல ஆசான், நல்ல அரசு.

நம் பக்கம் ஔவையார், நிலம் மனிதனை மாற்றுகிறது என்பதையே புரட்டிப்போடுகிறார். புறநானூறு 187-ல் நிலத்தைப் பார்த்தே பேசுகிறார்: நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமோ மேடோ, "எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை வாழிய நிலனே". தீவு எப்படிப்பட்டது என்பது அங்கே இறங்குகிறவனைப் பொறுத்தது. அட்டாவின் 1863-ஐயும் 1965-ஐயும் வைத்துக்கொண்டு இந்த நாலு வரியைப் படித்துப் பார்க்கலாம்.

கூனியின் முதுகில் பட்ட உருண்டை

தீமை எங்கே பிறக்கிறது என்பதை நான் படித்தவரை மிக நுட்பமாகப் பின்தொடர்ந்தவர் கம்பர். இராமனுக்கு முடிசூட்டு என்று மந்தரை வந்து சொன்னதும் கைகேயிக்கு வரும் முதல் உணர்ச்சி மகிழ்ச்சி. செய்தி சொன்னவளுக்கு மாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். அங்கே பொறாமையின் நிழல்கூட இல்லை. பிறகு மந்தரை பேசப் பேசத்தான் மாறுகிறாள். அந்தத் திருப்பத்தில் கம்பர் போடும் சொற்கள், "தூய சிந்தையும் திரிந்தது". தூய்மையான சிந்தை என்று சொல்லிவிட்டே அது திரிந்ததைச் சொல்கிறார். காரணமாகத் தேவர்களின் மாயையையும், அரக்கர் செய்த பாவத்தையும், மற்றவர்கள் செய்த அறத்தையுமே சேர்த்துக்கொள்கிறார். நல்லவர்கள் செய்த புண்ணியம் ஒரு நல்லவளைக் கெடுக்கத் தேவைப்பட்டது என்பது எவ்வளவு சங்கடமான வாதம்!

சரி, கைகேயி கெடுக்கப்பட்டவள். கெடுத்த மந்தரை பிறவிக் கெட்டவளா? அங்கேயும் கம்பர் ஒரு காரணம் வைத்திருக்கிறார்:

பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ்
உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்

சிறுவயதில் இராமன் விளையாட்டாக வில்லில் வைத்தடித்த மண்ணுருண்டை அவள் கூனில் பட்டது. அதை அவள் மறக்கவில்லை. நூலின் நாயகன், அறத்தின் வடிவம் என்று பாடப்படுகிறவன், உடல் ஊனமுள்ள ஒரு பணிப்பெண்ணிடம் சிறுபிள்ளைத்தனமாக நடந்துகொண்டதில் போய் முட்டுகிறது கதையின் வேர். வன்மம் இல்லாத செயல், அதனால் உண்டான வன்மம். கோல்டிங்கின் காட்டுத்தீயில் காணாமல்போன மச்சக்காரப் பையனுக்கு இது தூரத்து உறவு. யாரை நல்லவர் பட்டியலில் எழுதுவது, யாரைக் கெட்டவர் பட்டியலில் எழுதுவது என்று உட்கார்ந்தால் பேனா ஓடாது.

இது பட்டிமன்றத்தோடு முடிகிற விஷயம் இல்லை

மனிதனைப் பற்றி நாம் என்ன நம்புகிறோமோ அதன்படிதான் நெருக்கடியில் முடிவெடுக்கிறோம். 2005 ஆகஸ்ட் கடைசியில் கட்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது இது கண்கூடாகத் தெரிந்தது.

1. நம்பிக்கை: போலீஸ் இல்லாத ஊரில் மக்கள் மிருகமாகிவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த சூப்பர்டோம் விளையாட்டரங்கில் கொலை, பாலியல் வன்முறை, பிணக்குவியல் என்று செய்தி பறந்தது. நகர மேயரும் காவல்துறைத் தலைவரும் தொலைக்காட்சியிலேயே அதைச் சொன்னார்கள்.

2. முடிவு: வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டுக்கொண்டிருந்த போலீசாரை, அந்த வேலையை விட்டுவிட்டுக் கொள்ளையைத் தடுக்கப் போகும்படி மேயர் உத்தரவிட்டார். இறங்கியிருக்கும் படையினருக்குச் சுட்டுக்கொல்லத் தெரியும், தேவைப்பட்டால் செய்வார்கள் என்றார் மாநில ஆளுநர்.

3. நிலவரம்: பின்னர் எண்ணிப் பார்த்தபோது சூப்பர்டோமில் கிடைத்தவை ஆறு உடல்கள். அவற்றில் ஒன்றுகூடக் கொலை இல்லை.

நாவல்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை; அதிகாரிகள் அதைப் படித்தார்களா என்பதே பொருட்டில்லை. மூடி வாதம் ஒரு கருத்தாகப் புத்தகத்தில் இருக்கும்வரை விவாதிக்கலாம், உத்தரவாக மாறும்போது மீட்புப்படகு திரும்பிப் போகிறது என்பதுதான் விஷயம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்ததையும், முன்பின் தெரியாதவர்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் மண்டபங்களையும் திறந்துவிட்டதையும் பார்த்தவர்களுக்கு, மக்கள் மிருகமாவார்கள் என்ற முன்முடிவு எவ்வளவு விலை பிடிக்கும் என்று புரியும். (அதே வெள்ளத்தில் பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள்.)

நியூ ஆர்லியன்ஸில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதும் பதிவாகியிருக்கிறது. செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில், தப்பிப் போய்க்கொண்டிருந்த நிராயுதபாணிகள் மீது போலீசார் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள், நால்வர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் பதினேழு வயதுப் பையன், இன்னொருவர் மனவளர்ச்சி குன்றியவர். பயமும், எதிரே வருகிறவன் மிருகம் என்ற நினைப்பும், கூட நிற்கும் சகாக்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. சுட்ட நிமிடத்தையாவது பயத்தின் கணக்கில் எழுதலாம். அதற்குப் பிறகு நடந்ததை அப்படி எழுத முடியாது: இல்லாத சாட்சிகளை உருவாக்கினார்கள், ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து அங்கே கிடைத்ததாகக் காட்டினார்கள், வருடக்கணக்கில் ஒரே கதையைச் சொன்னார்கள். 2011-ல் வந்த தீர்ப்பு, அரசு வழக்கறிஞர்களின் தவறால் 2013-ல் ரத்தானது. 2016-ல் ஐந்து முன்னாள் காவலர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.